குளம்வரை வந்த கடைக்காரி

ஆவுடைத்தாய் அக்காவை எனக்கு அறிமுகம் செய்தது, அவர் உருவாக்கிய ஒரு சேலைக் கடைக்காரிதான். அவள் என்னைக் குளத்தில் தள்ளிவிட்டாள்.

மலையாளம் பேசும் ஊரான கழக்கூட்டத்தில் ஆன்லைன் விளையாட்டுகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் சோதனையாளனாகச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த விளையாட்டில் ஒரு சந்தை உண்டு. பல நாடுகளிலிருந்து பலர் ஒரே நேரத்தில் அதற்குள் வந்து சுற்றுவார்கள். அவர்களுக்கு நடுவே நிறுவனமே உண்டாக்கிய கேரக்டர்களும் இருக்கும். அவை மனிதர்களைப் போலவே நிற்கவும் பார்க்கவும் பேசவும் வேண்டும். நான் சேலைக் கடை முன்னால் போய் நின்றேன். கடைக்காரி ஒரு சேலையை விரித்துக்கொண்டு நெருங்கினாள். ஓர் அடி பின்னால் போனேன். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். இரண்டு அடி போனேன். இரண்டு அடி வந்தாள். காய்கறிக் கடை, பாத்திரக் கடை, மண்டபம் எல்லாம் தாண்டிப் பின்பக்கமாகவே நடந்து குளத்தில் விழுந்தேன். அவள் படியில் நின்று, இதே நிறத்தில் சின்ன பார்டர் இருக்கிறது, காட்டட்டுமா என்றாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். பிழைப் பட்டியலில் இதை ஆங்கிலத்தில் நான்கு பத்தி எழுதி, குளத்தில் விழும் வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. அந்தப் பட்டியலை, விளையாட்டைச் செய்யச் சொன்ன வெளிநாட்டுக் கிளையண்ட் ஆட்களும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"குளத்துல விழுந்தது நீயாக்கும்?"

"ஆமா மேடம்."

"மேடமா? ஊரு எது?"

"ஆலங்குளம் பக்கம்."

"எங்க அப்பா சங்கரன்கோவில். அக்கான்னு விளிச்சா மதி, அது போதும். நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. இங்கிலீஷ்ல என்னை இவ்வளவு அழகா யாரும் திட்டினதில்ல."

எங்கள் குழுத் தலைவர் நவநீத், ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துத் தமிழர், அவர் பின்னாலேயே வந்தார். "ஆவுடை, கிளையண்ட் பாத்தாச்சு கேட்டியோ. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு டெஸ்ட். சரியாகலேன்னா கடைக்காரிய எடுத்துட்டு வெறும் விலைப் பட்டியல் போதும்னு அவா சொல்லிட்டா. அப்பறம் உன் கான்ட்ராக்ட நீட்டறதுக்கு நான் என்ன காரணம் சொல்றது?"

அவர் போனதும் அக்கா என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "இது போச்சுன்னா திரும்பவும் கடைதான்" என்றார்.

கடை என்று அவர் சொன்னது பழவங்காடி அருகில் உள்ள ஒரு ஜவுளிக் கடையை. அக்காவின் அப்பா பால்பாண்டி கட்டட வேலைக்காக இங்கே வந்தவர். அக்கா பிறந்தது இங்கே; படித்தது மலையாளப் பள்ளியில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அந்தக் கடையில் சேலைப் பிரிவில் ஆறு வருடம் நின்றிருக்கிறார். காலையில் அனிமேஷன் வகுப்பு, மதியத்திலிருந்து கடை. மாடி மேலாளர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வந்தவரைப் படிக்கட்டுவரை போக விடாதே, அவர் ஓர் அடி பின்னால் போனால் நீ ஓர் அடி முன்னால் போ என்பது. எட்டு மாதத்துக்கு முன் ஒப்பந்தத்தில் இங்கே சேர்ந்தவர், கடைக்காரி எப்போது எப்படி நகர வேண்டும் என்ற நடத்தையை எழுதும்போது அந்த விதியை அப்படியே எழுதிவிட்டார். கடையில் பின்னால் போகிறவரைச் சுவர் நிறுத்திவிடும். சந்தையில் சுவர் இல்லை.

அன்று மதியம் நடைபாதையில் என்னை நிற்க வைத்து, துப்பட்டாவைச் சேலை மாதிரி விரித்துக்கொண்டு நெருங்கிப் பார்த்தார். நான் பின்னால் போய்த் தண்ணீர் கூலரில் இடித்தேன். அடுத்த மேசை ஷிஜா கைதட்டினாள். "எடா, இனி கூலரிலும் வீழுமோ? சேச்சி, அவனுக்கு நீந்தத் தெரியுமான்னு முதல்ல கேளு!"

புதன்கிழமை கடைக்காரியை ஆறு அடி தள்ளியே நிற்கும்படி மாற்றினார். அவள் மளிகைக் கடை விளம்பரப் பலகை போல நின்றாள். உயிர் இல்லை என்று எழுதி அனுப்பினேன். இந்த முறை ஒரே வரிதான் எழுதினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சீக்கிரம் கிளம்பினார். எங்கே போனார் என்பதை வெள்ளி காலை ஏழரைக்கு அலுவலகத்தில்தான் சொன்னார். புதிய சேலை ஒன்று மேசைமேல் இருந்தது.

"பழைய கடைக்கே போனேன். கஸ்டமரா. ஷீனான்னு ஒருத்தி, என்கூட நின்னவ, எல்லாரையும்விட அவதான் கூட விப்பா. எப்பவும் ராசின்னுதான் நினைச்சோம். நேத்து அவ முன்னாடி நின்னேன். ஒரு அடி பின்னாடி போனேன். அவ வரல்ல."

"பின்னே?"

"விரிச்ச சேலைய மடிக்கத் தொடங்கிட்டா. என் முகத்தப் பாக்கவே இல்ல, துணியத்தான் பாக்கா. கொஞ்ச நேரத்துல நானே போய்த் தொட்டேன்."

"வாங்கிட்டீங்களா?"

"வாங்காமப் பின்னே! இது என்ன, மேசை விரிப்பா? ஆறு வருஷம் நானும் மடிச்சேன் தம்பி. மடிக்கறது வேற வேலை, விக்கறது வேற வேலைன்னு நினைச்சேன்."

செல்போனை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி, அந்தச் சேலையை ஒன்பது முறை மடித்துப் படம் எடுத்தார். அதைப் பார்த்து கடைக்காரியின் விரல்களை ஒவ்வொன்றாக அமைத்தார். புதிய விதி எளியது. எதிரே இருப்பவர் பின்னால் போனால் நின்ற இடத்திலேயே நில், கண்ணைத் தாழ்த்து, மடி. அவர் திரும்பி வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்.

மூன்று மணிக்குக் கிளையண்ட் பக்கம் எட்டுப் பேர் விளையாடினார்கள். எட்டுப் பேரும் முதலில் பின்வாங்கினார்கள். ஆறு பேர் தாமாகவே திரும்பி வந்தார்கள். ஒருவர் போய்விட்டார். எட்டாமவர் எதுவும் வாங்காமல், அவள் மடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா திரையைப் பார்க்கவில்லை. நவநீத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு முடிந்ததும் நவநீத் சொன்னார். "கடைக்காரி இருக்கட்டும்னுட்டா. எல்லாக் கடைக்கும் இதே மாதிரி, கையில ஒரு வேலையோட, வேணுமாம். உனக்கு ஒரு வருஷம் நீட்டியாச்சு. பெர்மனென்ட் இல்ல, அது என் கையில இல்ல. அப்பறம் ஒண்ணு. குளத்துல தள்றவளையும் ஒரு மூலைல வச்சுக்கட்டுமான்னு கிளையண்ட் கேக்கறா. அந்த வீடியோவப் பாத்து எல்லாரும் சிரிச்சாளாம்."

ஷிஜா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"வச்சுக்கட்டும் சார். அவளும் சொல்லிக்கொடுத்த வேலையத்தானே பாக்கா. ஆனா அவள குளத்துப் பக்கம் நிறுத்தாதீங்க. ஒரு சுவர் வச்சு, அது பக்கமா நிறுத்துங்க."

அப்படியே நிறுத்தினார்கள்.

ஆவுடைத்தாய் இப்போது அதே நிறுவனத்தில், இரண்டாவது ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். சந்தையில் அவர் நடத்தை எழுதிய பதினான்கு பேர் இருக்கிறார்கள். கழக்கூட்டத்தில் அப்பா அம்மாவுடன் வாடகை வீட்டில் இருக்கிறார்.