தொண்ணூற்றாறு குழித் தட்டு

காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இலைக்காரி என்று பெயர். மரபணுச் சோதனைக்காகப் பரங்கிச் செடியின் இலையில் பொட்டளவு வட்டம் வெட்டி, தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். தட்டின் ஒரு மூலை வெட்டுப்பட்டிருக்கும். அது இடது பக்கம் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாறினால் முதல் செடியின் இலை கடைசிச் செடியின் கணக்கில் ஏறிவிடும்.

மாறியது, ஆறு வருஷத்துக்கு முன்னால். மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் அரக்கப்பரக்க முடித்துவிட்டு ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பகீரென்றது: மூலை எந்தப் பக்கம் இருந்தது? தற்காலிக வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு மாதம்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தட்டு, நிலையத்து ஆய்வாளர் ஒருவருடையது. கெட்டித்தோலுக்கான மரபணு இரண்டு பரங்கி இனங்களிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார், பாவம். சரிபார்க்க எடுத்த இந்தத் தட்டில் ஒன்றும் பொருந்தவில்லை. ஆள் கணக்கை ஜோடித்துவிட்டார் என்றார்கள். வேலையை விட்டுப் போனவர், மூன்றே வருஷத்தில் நெஞ்சுவலியில் உயிரையும் விட்டார்.

அன்றிலிருந்து இவள் தட்டின் முன் குனிந்தால் போதும், முதுகுக்குப் பின்னால் அவர் நிற்கிறார். மூச்சுக்கூடக் கேட்கும். திரும்பினால் வெறும் சுவர். நடுப்பகலில், நாலு பேர் இருக்கும்போதே இந்தக் கூத்து!

போன வாரம், தட்டுகளைப் படிக்கும் இயந்திரப் பிரிவுப் பெண் ஓடி வந்தாள்.

“அக்கா, குளிர்பெட்டியில கிடந்த அந்தப் பழைய தட்டைத் தலைகீழா வச்சுப் படிச்சேன். அத்தனையும் பொருந்துது! அவர் சொன்னதுதான் சரி. யாரோ மாத்தி வச்சிருக்காங்க.”

“யாரோ இல்லம்மா. நான்தான்.”

இயக்குநரிடமும் எழுதிக் கொடுத்தாள். வேலை போனால் போகட்டும். பிறகு ஆய்வாளரின் மனைவியைத் தேடிப் போனாள். அந்த அம்மாள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தால், முதுகுக்குப் பின்னால் நிற்பவர் போய்விடுவார் என்று நம்பினாள்.

அந்த அம்மாள் முழுக்கக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“அவருக்கு அப்பவே தெரியும்மா. தட்டு திரும்பியிருக்கும்னு சொன்னாரு. ‘நான் காட்டிக் குடுத்தா அந்தப் பொண்ணு நடுத்தெருவுல நிக்கும். தானா வந்து சொல்லட்டும்’னாரு. நான் போடாத சண்டை இல்ல.”

இலைக்காரி கைகூப்பி எழுந்தாள்.

“கடைசி வரைக்கும் யாராவது கதவைத் தட்டினா, நீங்கதான்னு எழுந்து போய்ப் பார்ப்பாரு.”