மூன்று வெட்டுப் போட்ட சாவி

சின்னவளே, நீ பிறந்தபோது அப்பா ஏன் ஆஸ்பத்திரியில் இல்லை என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். "கம்பெனி கூப்பிட்டுச்சி, போனேன்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. உன் அக்காவுக்கும் தெரியாது. ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்பின்னாகத்தான் இருக்கும். இரண்டு பேரும் பொறுத்துப் படியுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் அது கம்பெனியே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேல் ஓர் அறை, ஒரு பழைய வேன், தரையை மெருகேற்றும் மெஷின் ஒன்று. அவ்வளவுதான். முதலாளி பொதுப்பணி இலாகா வேலையை விட்டுவிட்டு வந்தவர். நான் அவருடைய இரண்டாவது ஆள். முதல் ஆள் வேன் ஓட்டுபவர். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்கள் மூடியதும் உள்ளே போவோம். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து, தரையைத் தேய்த்து மெழுகு போடுவோம். அந்த மெஷினுக்கு அடக்கமே கிடையாது. முதலாளியையே ஒருமுறை இழுத்துக்கொண்டு போய் அலமாரியோடு சேர்த்து நிறுத்தியது.

பிறகு தரையோடு நிற்கவில்லை. "விளக்கு எரியல, பாக்குறீங்களா?" என்றார்கள், பார்த்தோம். "தண்ணி மேல ஏறல" என்றார்கள், அதையும் பார்த்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில், மஸ்ஜித் இந்தியா பக்கம் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்று முழுதாக எங்கள் கைக்கு வந்தது. பம்ப், தொட்டி, கழிவறை, ஏர்கோன், குப்பை, எலி எல்லாம் எங்கள் பொறுப்பு. நாங்கள் இருப்பதே அங்கே வேலை செய்பவர்களுக்குத் தெரியக்கூடாது, அதுதான் நல்ல வேலை என்பார் முதலாளி. பெயர்ப்பலகையில் 'பெசிலிட்டிஸ் மேனேஜ்மெண்ட்' என்று எழுதிக்கொண்டதெல்லாம் வெகு காலத்துக்குப் பிறகுதான்.

அந்தக் கட்டடத்தின் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. அறுபது சாவிக்கு மேல். எதிலும் பெயர் கிடையாது. அரத்தால் ஓரத்தில் நானே வெட்டுப் போட்டு வைத்திருந்தேன். ஒரு வெட்டு பம்ப் அறை, இரண்டு வெட்டு மின்சார அறை, மூன்று வெட்டு மொட்டைமாடித் தொட்டி அறை. மற்றவற்றுக்கு வேறு வேறு அடையாளம். பேசிக்கொண்டே, பார்க்காமலே விரலால் தடவி எடுப்பேன். "அண்ணனுக்கு வெரல்ல கண்ணு இருக்குலா" என்று வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா சிரிப்பார். அதைக் கேட்பதற்காகவே அவர் எதிரில் நின்று சாவி எடுப்பேன்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து புதிதாக ஒருவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். ஐந்தாம் பாரம் வரை படித்தவர், இங்கிலீஷில் கடிதம் எழுதுவார். கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை; எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. வந்த மாதமே, எந்த வால்வைத் திருப்பினால் எந்த மாடிக்குத் தண்ணீர் நிற்கும் என்று படம் வரைந்தார். என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தார். முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அடியில் வரைந்தவரின் கையெழுத்து. இன்னொரு நாள் வேனில் ஏறப் போனால், முன் சீட்டில் அவர் உட்கார்ந்து முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தனை வருடமும் அது என் சீட். நான் பின்னால் மெழுகு வாளியைப் பிடித்துக்கொண்டு, மெஷினோடு மெஷினாகப் போனேன். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன்.

அந்த வருடம் சுபாங் ஜெயாவில் புதுக் கட்டடம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். தீபாவளி கழிச்சி சொல்றேன்" என்றார் முதலாளி. உங்கள் அம்மா அப்போது நிறைமாதம். அந்த வேலை எனக்குத்தான் என்று தன் அக்காவிடம் சொல்லியும் விட்டாள். எனக்கும் அந்த நாற்காலி வேண்டும். அதைவிட, அது அவருக்குப் போகக்கூடாது.

அவரோ சாவிகளில் இறங்கிவிட்டார். ஜாகாவின் அறையில் ஒரு பெட்டி வைத்து, மாற்றுச் சாவிகளுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கட்டினார்.

"அண்ணே, உங்க கொத்துக்கும் எழுதிக் கட்டிரலாமா? நீங்க லீவுல போனா நாங்க முழிக்கிறோம்."

"நான் என்னைக்கு லீவு எடுத்தேன் தம்பி?"

"காய்ச்சல் வராதா? மனுசன்தானே நீங்க?"

"வந்தா வீட்டுக்கு வந்து கேளு, சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் ஜாகா சாப்பிடப் போன நேரத்தில், பெட்டியிலிருந்த தொட்டி அறையின் மாற்றுச் சாவியை எடுத்தேன். சீட்டைக் கிழித்துப் போட்டு, அதிலும் மூன்று வெட்டுப் போட்டு என் கொத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் போட்ட கணக்கில் ஓர் ஓட்டை விழட்டும் என்றுதான் செய்தேன். இரண்டு நாள் கழித்து, "தொட்டி ரூம் ஸ்பேரைப் பாத்தீங்களா அண்ணே?" என்று கேட்டார். "பாக்கல" என்றேன்.

அடுத்த வாரம் காலையில் உங்கள் அம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டடத்தை விட்டு வெளியே போனால் கொத்தை ஜாகாவிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் கொடுக்கவில்லை. இடுப்பிலேயே இருந்தது.

பத்து மணி இருக்கும். கிள்ளான்காரர் ஓடி வந்தார், சட்டை முழுக்க ஈரம்.

"அண்ணே, பன்னெண்டாவது மாடியில பைப் வெடிச்சிருச்சி. மாடி வால்வு இறுகிக் கெடக்கு, திரும்பல. தண்ணி லிப்டுக்குள்ள எறங்குது. மேல தொட்டியில மூடினாத்தான் உண்டு. சாவியக் காட்டுங்க, நான் போறேன்."

கை கொத்துக்குப் போனது. மூன்று வெட்டு விரலில் பட்டது. பக்கத்திலேயே இன்னொரு மூன்று வெட்டு. கழற்றிக் கொடுத்தால் இரண்டையும் பார்த்துவிடுவார். அது ஒன்று. இன்னொன்று, அவர் போய் மூடினால் முதலாளி அவரைத்தான் பார்ப்பார்.

"அந்தப் பூட்டு ஒரு மாதிரி தம்பி. உன்னால முடியாது. மோட்டார் சைக்கிளைக் குடு, நானே போறேன்."

"அண்ணிக்கு யாருண்ணே இருக்கா இங்க?"

"நீ இரு."

போனேன். பூட்டில் ஒன்றும் கோளாறு இல்லை, ஒரே திருப்பில் திறந்தது. வால்வை மூடிவிட்டு இறங்கி வந்தால், முதலாளி முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். "நீ இல்லாட்டி இந்தக் கட்டடம் ஒரு மணி நேரம் தாங்காது போல" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்ட பார்வை அது. அதை விட்டு வர மனமில்லாமல், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்தபோது மணி மூன்று. அவர் அதே பெஞ்சில், உங்கள் அம்மாவின் பையையும் சுடுதண்ணி பிளாஸ்கையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பொம்பளப் புள்ள! அப்படியே உங்க நெத்தி. நர்ஸ் மிஸ்ஸி கதவுகிட்ட கொண்டாந்து காட்டினாங்க. அப்பா எங்கன்னு கேட்டாங்க, நான் சித்தப்பான்னு சொல்லிட்டேன்."

பார்வை நேரம் ஐந்து மணிக்குத்தான். அந்த இரண்டு மணி நேரமும் உன் முடி எப்படி, கை எப்படி, எந்தக் கண்ணை முதலில் திறந்தாய் என்று அவர் எனக்குச் சொன்னார். என் மகளை இன்னொருவர் எனக்கு விவரித்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி கழிந்து முதலாளி கூப்பிட்டார். "உன்ன அங்க அனுப்பிட்டா இங்க யாரு கதவு தொறப்பா? நீயே சொல்லு" என்றார். கிள்ளான்காரர் சுபாங் ஜெயாவுக்குப் போனார்.

போவதற்கு முன் ஒருநாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து கொத்துக்குச் சீட்டு எழுதினார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூன்று வெட்டுச் சாவி வந்தது. அடுத்ததும் மூன்று வெட்டு. அவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு 'தொட்டி அறை 1', 'தொட்டி அறை 2' என்று எழுதிக் கட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, முதலாளியிடமும் சொல்லவில்லை. அந்த நல்ல குணமும் என்னிடம் இல்லையே, அவரிடம் இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

தீபாவளிக்குத் தீபாவளி அவர் நம் வீட்டுக்கு வருகிறார். நீ கேட் வரைக்கும் ஓடிப் போகிறாய். "ஒன்ன மொதல்ல பாத்தது நான்தான், ஒங்கப்பா இல்ல" என்று தவறாமல் சொல்வார். உடனே நான் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போய்விடுவேன். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.