முட்டை அக்கா

கணினித் திரைமேல் மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குகிறார் முட்டை அக்கா. மதிப்பெண் பட்டியலில் ஒரு சுழி தட்டுப்பட்டால் போதும், ஸ்கேல் நின்றுவிடும். கை தானாகத் தொலைபேசிக்குப் போகும்.

பள்ளிகள் அனுப்பும் மதிப்பெண்களைக் கல்வி ஆய்வு அலுவலகத்தில் பதினேழு வருடமாகச் சரிபார்க்கிறார். சுழியைக் கண்டால் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அடுத்த மேஜைக்காரர்கள் வைத்தது. அவருக்கும் தெரியும், கோபமில்லை. "எழுதி முட்டை வாங்குறது வேற, வராமலே இருக்கறது வேற. வராத புள்ளைக்கு முட்டை போடறது, வீட்ல இல்லாதவனுக்குத் தட்டு வச்சுட்டு ஏன்டா சாப்பிடலன்னு திட்டுற மாதிரி" என்பார்.

வீட்டிலும் இதே வழக்குதான். "எத்தனை தடவை கூப்பிட்டேன், பதிலே இல்ல" என்று கணவர் முறைத்தால், "பதில் இல்லாம இல்லீங்க, ஆளே இல்ல. மாடியில இருந்தேன்" என்று திருத்துவார். பாவம் மனிதர்.

இன்று மூன்று மணிக்கு அறிக்கை போக வேண்டும். ஆறாம் வகுப்புக் கணக்கில் சராசரி முப்பத்தைந்துக்குக் கீழே இருக்கும் பள்ளிகளை மூடப்போகிறார்கள். ரயில்பாதையோரப் பள்ளிக்கு முப்பத்திரண்டு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பதினோரு பேருக்குச் சுழி.

"அக்கா, மணி ரெண்டரை. எண்ணுறது மட்டும்தான் நம்ம வேலை" என்றார் அதிகாரி.

"எண்ணத்தான் சார் போறேன். வந்தவங்கள மட்டும்."

தொலைபேசியில் தலைமையாசிரியையின் குரல் உடைந்திருந்தது. "பத்துப் பேருக்கு அம்மைம்மா, பரீட்சைக்கே வரல. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கல, அதான் முட்டையப் போட்டோம். பள்ளிக்கூடத்த மூடிட்டா இதுங்க தினமும் தண்டவாளத்தத் தாண்டில்ல போகணும்!"

"பதினோராவது?"

"அது வந்து எழுதுச்சு. ஒண்ணும் வரல. பத்தோட பதினொண்ணா அதையும் தூக்கிடுங்கம்மா."

"அதெப்படி டீச்சர்? அது வந்திருக்கே."

பத்து இடங்களில் சுழியை அழித்து, 'வரவில்லை' என்று தட்டினார். பதினோராவதைத் தொடவில்லை. சராசரி புதிதாகக் கணக்காகி வரும்வரை ஸ்கேலை இறுகப் பிடித்திருந்தார். நாற்பத்து மூன்று.

மூச்சு விட்டார். மிஞ்சியிருந்த அந்த ஒற்றைச் சுழியின் மேல் படிந்த தூசியைக் கைக்குட்டை நுனியால் மெல்லத் துடைத்துவிட்டு, அறிக்கையை அனுப்பினார்.