நாட்டை விட்டு ஓடியவர் மல்வேர்னில்

மல்வேர்ன், புலம்பெயர் தமிழர் நிறைந்த பகுதி. வெளியே பனி கொட்டுகிறது. தமிழ்க் கடை வாசலில், இலவச வாரப் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் கோட்டும் டையுமாக ஒருவர் நிற்கிறார். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஒரு பிரதி கொடுத்து, "நான் இஞ்சதான் நிக்கிறன்" என்கிறார்.

எனக்கும் ஒன்று கிடைக்கிறது. வருடக் கடைசி இதழ். நடுப்பக்கத்தில் மடகாஸ்கரின் ஆண்டு: மின்வெட்டு, தண்ணீர்த் தட்டுப்பாடு, தெருவில் இறங்கிய இளைஞர்கள், இராணுவ ஆட்சி. 'நாட்டை விட்டு ஓடிய ஜனாதிபதி' என்ற வரிக்கு மேலே படத்தில் சிரிப்பவர், வாசலில் நிற்கும் இதே மனிதர். வீடு விற்கும் ஏஜென்ட். பத்திரிகை முழுக்க இப்படிச் சிரிக்கும் ஏஜென்ட்கள்தான். செய்தி அவர்களுக்கு நடுவே எங்கோ ஒளிந்திருக்கிறது. அச்சில் ஒரு முகம் இடம் மாறிவிட்டது.

"நிறைய போன் வந்திருக்குமே, சார்? ஓடிட்டீங்களான்னு கேட்டாங்களா?" என்கிறேன், என் சென்னைத் தமிழில்.

"அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி. அந்த ஜனாதிபதி விட்டிட்டுப் போன மாளிகை விலைக்கு வருமோ எண்டுதான் கேக்கினம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாடகைக்கு விட பேஸ்மென்டுக்குத் தனி வாசல் இருக்கோ எண்டு விசாரிச்சுச் சொல்லுறன் எண்டிருக்கிறன்."