ஒரு விசைக்கு இரண்டு வெடி

சாமானைச் செய்தவன் எங்கேயோ தூரத்தில் இருப்பான், விற்றவன் கடையின் முன்பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பான், ஏச்சு வாங்குகிறவன் மட்டும் பின்பக்கத்தில் சேர்விஸ் கவுண்டரில் நிற்பான். தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அந்தப் பின்பக்கத்து ஆள் நான்தான். ரீவிக் கடையிலோ சப்பாத்துக் கடையிலோ இதே இடத்தில் நின்று வாடினவர்கள் உங்களில் கனபேர் இருப்பீர்கள். என் கவுண்டருக்கு வந்த சாமான் கொஞ்சம் வேறு, அவ்வளவுதான்.

சத்தம் போடாத ஆள்

நான் அந்தக் கடையில் சேர்ந்தது ரென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவதற்கு. கடையின் பின்பக்கத்தில் வேட்டைத் துவக்குகளும், கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கான பிஸ்டல்களும் விற்றார்கள். அங்கே முறைப்பாடு கேட்கிற கவுண்டரில் இருந்தவர் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனவர் திரும்பி வரவேயில்லை. முதலாளி ரொன் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். துவக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். தெரிந்தவன் வாடிக்கையாளரோடு வாதாடுவான், நீ சத்தம் போடமாட்டாய் என்றார்.

அதற்கு லைசென்ஸ் எடுக்கவேண்டியிருந்தது. விசாரிக்க இரண்டு பொலிஸ்காரர் எங்கள் அப்பார்ட்மென்றுக்கு வந்தார்கள். மனைவி அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இலங்கையில் எங்கள் ஊரில் சீருடை வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று கண்டவள் அவள். அவர்கள் போய்க் கனநேரத்துக்குப் பிறகும் வெளியே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, மில்லிக்கனில் இருக்கிற எங்கள் ஊர் ஞானம் அண்ணை மகளுக்கு பட்மின்ரன் மட்டை வாங்க வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பிஸ்டல்கள் வரிசையாக இருக்க, அதற்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்தவர் கிட்ட வந்து கண்ணாடிக்கு மேலே குனிந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "தம்பி, உதுக்குப் பயந்துதானே எல்லாரும் ஓடி வந்தனாங்கள். நீ என்னடா எண்டா உதைத் துடைச்சு அடுக்கி வச்சிருக்கிறாய்."

விரல்

டோனா என்பவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அமைதியான பெண். கிளப்பில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போவார். எங்கள் கடையில்தான் புதுப் பிஸ்டல் ஒன்று வாங்கியிருந்தார். வாங்கின மாதமே அதைத் திரும்பக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடிதான் போகவேண்டும். இது சிலவேளை இரண்டு வெடி போகிறது என்றார். முதல் வெடி கையை மேலே தூக்கிவிட, இரண்டாவது கிளப்பின் கூரையில் போய்ப் பட்டிருக்கிறது. அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் அவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்.

ரொன் வந்து பிஸ்டலை வாங்கி, குண்டு போடாமல் நாலைந்து தரம் இழுத்துப் பார்த்தார். டிக், டிக் என்று ஒழுங்காகத்தான் கேட்டது. சிலபேர் விரலை விடும்போது தெரியாமல் இன்னொருக்கால் அழுத்திவிடுவார்கள், வயது போகப்போக அது வரும் என்றார். டோனாவின் முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "இருவது வருஷமாச் சுடுறன். என்ர விரல் என்ன செய்யுது எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

கடதாசி

அந்தக் காலத்தில் பிஸ்டலை வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுவருவதென்றால், ஒவ்வொரு தடவையும் பொலிசில் அனுமதிக் கடதாசி எடுக்கவேண்டும். டோனாவுக்குக் காலையும் பின்னேரமும் பஸ். இடையில் கிடைக்கிற நேரத்தில் பொலிசுக்குப் போய், வரிசையில் நின்று, கடதாசி எடுத்து, வீட்டுக்குப் போய்ப் பிஸ்டலை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவார். நாங்கள் அதைச் செய்த கொம்பனிக்கு அனுப்புவோம். திரும்பி வந்ததும் மறுபடியும் கடதாசி.

ஒருநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்து சேர, கொம்பனியிலிருந்து பொதி இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. வந்துவிட்டது என்று அவருக்குத் தவறாகச் சொன்னது முன்பக்கத்து ஆள். மன்னிப்புக் கேட்டது நான். அவர் கையுறையைக் கழற்றாமலே நின்று சொன்னார்: "பொலிஸ்காரர் கேக்கினம், ஒரு பிஸ்டலை இத்தனை தரம் காவுறதுக்கு உமக்கு என்ன விசரோ எண்டு. நானும் இப்ப அதைத்தான் யோசிக்கிறன்."

தொப்பி

கொம்பனிக்கு ரெலிபோன் எடுப்பதும் என் வேலை. காத்திருக்கச் சொல்லிப் போடுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது கொதித்த பிறகு ஒரு பெண் வருவார். எந்தக் குண்டு பாவித்தவர், எண்ணெய் போட்டவரா, பிஸ்டலைப் பிடிக்கிற விதம் சரியா என்று கேட்பார். பிஸ்டலில் ஏதும் பிழை இருக்குமா என்று மட்டும் கேட்கமாட்டார். நான் டோனாவிடம் கேட்டு மறுமொழி சொல்வேன். அடுத்த முறை வேறொரு பெண் வந்து முதலிலிருந்து தொடங்குவார்.

கடைசியில் பொதி வந்தது. பரிசோதித்தோம், ஒரு பழுதும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். பிஸ்டலைப் பளபளவென்று துடைத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே கொம்பனியின் பெயர் தைத்த தொப்பி ஒன்று, சிரமத்துக்கு வருந்துகிறோமாம். டோனா தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் வலு நேர்த்தி. இவை தொப்பிக் கடை நடத்தியிருக்கலாம்" என்றார்.

ஆடுதா?

அடுத்த முறை அவர் பிஸ்டல் இல்லாமல் வந்தார். மறுபடியும் இரண்டு வெடி போயிருக்கிறது. இந்தமுறை குண்டு சுவரில் பட்டு, தெறித்த சீமெந்துத் துண்டு பக்கத்தில் நின்றவரின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. கொம்பனியே பழுதில்லை என்று சொன்ன பிஸ்டல். அப்படியென்றால் பிழை யாரில்? இனி வரவேண்டாம் என்று கிளப் அவரை நிற்பாட்டிவிட்டது.

அதோடு முடியவில்லை. காயப்பட்டவரின் பேரப்பிள்ளை டோனாவின் பஸ்ஸில் போகிற பிள்ளை. அவர் பஸ் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, உங்கள் டிரைவருக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டார். டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை பஸ் ஓட்டவேண்டாம் என்று பஸ் கொம்பனி சொல்லிவிட்டது.

டோனா இரண்டு கைகளையும் கவுண்டர் கண்ணாடிக்கு மேலே, தொடாமல், நேராக நீட்டினார். நகங்கள் குட்டையாக வெட்டப்பட்டிருந்தன. நான் குனிந்து பார்த்தேன். கைகள் அசையவில்லை. அவருடைய முகத்தில் நாடிதான் நடுங்கிக்கொண்டிருந்தது. இல்லை, ஆடவில்லை என்றேன். கை ஆடவில்லை என்று ரொன்னிடம் ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன் என்று உள்ளே போனேன். நாங்கள் டொக்டர்மார் இல்லை, கடைக்காரர் என்று ரொன் மறித்துவிட்டார். நான் வெறுங்கையோடு வெளியே வந்தபோது, டோனா இன்னும் கைகளை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். "சிவா, வடிவாப் பாத்துச் சொல்லும். ஆடுதா?"

எனக்கு ஊரில் துவக்கோடு வந்தவர்களைத் தெரியும். அந்தத் துவக்குகளில் ஒன்றாவது பழுதாகக் கூடாதா என்று கடவுளிடம் நேர்ந்திருக்கிறேன். ஒரு துவக்குப் பழுதாய்ப் போனதால் ஒரு மனிசிக்காக நான் அழவேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

பெரிய கை

பனி கரைகிற காலத்தில் பிக்கரிங்கிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். கதவை மறைக்கிற உடம்பு. அதே வகைப் பிஸ்டல், அதே கதை: ஒரு இழுப்புக்கு இரண்டு வெடி. பெட்டியைக் கவுண்டரில் அடித்து வைத்த சத்தத்தில் மீன்பிடித் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரொன் ஓடி வந்தார். பழக்கதோஷத்தில், விரலை விடும்போது சிலபேர், என்று தொடங்கினார். பிளம்பர் முடிக்க விடவில்லை.

அன்று பின்னேரமே ரொன் அந்தப் பிஸ்டலைக் கொண்டுபோய்த் தானே சுட்டுப் பார்த்தார். அவர் கையிலும் இரண்டு வெடி போனது. முகம் வெளிறித் திரும்பி வந்தார். எத்தனையோ முறை கடதாசி எடுத்துக்கொண்டு வந்த டோனாவுக்குக் கிடைக்காதது, அந்த மனுசனுக்கு ஒரே நாளில் கிடைத்தது. அவர் ரொன்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "என்ர கையைப் பற்றிக் கதைச்சா, பிறகு உன்ர கையைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும்."

மேம்பாடு

ரொன் சொன்ன பிறகு கொம்பனியில் பாட்டுக் கேட்கவேண்டியிருக்கவில்லை. உடனே ஒரு பெண் லைனில் வந்தார். விசையோடு சேர்ந்த ஒரு சின்ன இரும்புத் துண்டை மாற்றவேண்டுமாம், இலவசமாக அனுப்புகிறார்களாம். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது அந்தத் துண்டு. அப்படியென்றால் டோனாவின் பிஸ்டலிலும் இந்தப் பழுதுதானே இருந்தது, அதை அவருக்கும் கிளப்புக்கும் எழுதித் தருவீர்களா என்று நான் கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலத்தில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். அந்தப் பெண் கோபிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "பழுது எண்டு சொல்லாதையுங்கோ. நாங்கள் அதை மேம்பாடு எண்டுதான் சொல்லுறனாங்கள்."

கைக்குத் தெரியாதது

டோனாவுக்கு நான்தான் ரெலிபோன் எடுத்தேன். அடுத்த நாள் கடதாசி எடுத்துக்கொண்டு பிஸ்டல் பெட்டியோடு வந்தார். ரொன்னும் வந்து நின்று, புதுத் துண்டு போட்டுத் தருகிறோம், கிளப்போடும் நானே கதைக்கிறேன் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

டோனா பெட்டியைத் திறக்கவேயில்லை. டொக்டர் பார்த்து, கையில் ஒரு நோயும் இல்லை என்று எப்பவோ சொல்லிவிட்டாராம். பஸ் கொம்பனியும் திரும்பக் கூப்பிட்டதாம். போய் ஏறி இருந்தாராம். பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, சிவப்பு லைற்றில் நிற்கும்போதெல்லாம் ஸ்ரியரிங்கில் இருக்கிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். லைற் பச்சையானதும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டார். இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கிற இடத்தில் வேலை.

பெட்டியை என் பக்கம் தள்ளி, விற்றுவிடுங்கள், அல்லது எறிந்துவிடுங்கள் என்றார். இனிப் பயமில்லையே, பழுது பிஸ்டலில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று நான் தடுத்துப் பார்த்தேன். அவர் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"ஓம் சிவா, எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது" என்றார். "என்ர கைக்குத்தான் இன்னும் தெரியேல்லை."

அதற்குப் பிறகு வேறு வேறு கடைகளில் எத்தனையோ உத்தரவாதக் கடதாசிகளை முழுதாய் வாசித்துப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் வாங்கின சாமானுக்குத்தான் உத்தரவாதம் இருக்கிறது, வாங்கின ஆளுக்கு இல்லை.