ஸ்டேஷன் மாஸ்டரின் கையெழுத்து

ஒரு கண்ணை இறுக மூடி, மறுகண்ணில் பூதக்கண்ணாடியைப் பிடித்து, பால்கனி வெளிச்சத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவராகத்தான் மாமா என் நினைவுக்கு வருகிறார். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வந்திறங்கும் சரக்கைச் சோதித்து, சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அதை விட்டபாடில்லை. சிலிண்டர் வந்தால் எடை போடுவார். மாம்பழம் ரத்னகிரியுடையதுதானா என்று வண்டிக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வார். "என்னயக் கட்டுறதுக்கு முன்னால எத்தன தடவ சோதிச்சாகளோ" என்பாள் அத்தை.

இப்படிப்பட்டவருக்கு, பழைய டிவி நடிகர்களின் கையெழுத்துகளைச் சேர்க்கும் ஆசை! திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. குடியிருப்பில் யாரோ ஒருவர் வீட்டு டிவி முன் உட்கார்ந்து, தொடர்களில் பேசியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம். அவற்றில் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக நடித்தவர்மீது தனிப் பிரியம். அவர் கையெழுத்திட்ட படம், மும்பை வியாபாரி ஒருவரிடமிருந்து பளபளக்கும் முத்திரை ஒட்டிய சான்றிதழோடு வந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதை வைத்த பிறகும் மாமாவுக்கு நிம்மதியில்லை. "சான்று குடுத்தவனுக்கு யாரு சான்று?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அந்த நடிகர் மகர்பட்டாவில், என் அலுவலகத்துக்கு அடுத்த குடியிருப்பில், மகள் வீட்டில் இருப்பதை அறிந்து ஓடிவந்து சொன்னேன். மாமா மகிழவில்லை. "அவருதான்னு ஒனக்கு எப்படிட்டி தெரியும்?" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையுடன், ஆல்பத்தை அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எட்டாவது மாடி. மகள் கதவைத் திறந்து உட்காரவைத்தாள். மெலிந்துபோயிருந்த பெரியவர், யாரோ தேடி வந்துவிட்ட சந்தோஷத்தில் எங்களுக்குத் தாமே தண்ணீர் கொண்டுவந்தார். மாமா வணக்கம் சொன்ன கையோடு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். படத்தில் இருந்ததற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மாமா முகத்தில் சிரிப்பு மாறாமல் என்னிடம் தமிழில், "ஆளே நக்லியா இருக்குமோ?" என்றார். போலி என்பதற்கு இந்தி வார்த்தையையே போட்டுவிட்டாரே என்று எனக்கு உடம்பு கூசியது.

பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தக் காலத்தில் ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வருமாம். படப்பிடிப்பு நாட்களில் அவர் மனைவிதான் உட்கார்ந்து படங்களில் அவர் பெயரை எழுதி அனுப்புவாராம். "இது அவள் கை" என்றார் இந்தியில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு மாற்றியதில் அந்த அம்மாள் எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. இதைத் தருவீர்களா என்று கேட்கும்போது பெரியவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், படத்தைத் தட்டிக்கொள்ளப் பார்க்கிறாரோ என்று எனக்கே தோன்றியது. மாமாவுக்குத் தோன்றாமல் இருக்குமா? சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பாதி எடுத்தார். பிறகு உள்ளே தள்ளினார். படத்தைப் பெரியவர் கையிலேயே விட்டுவிட்டு, கும்பிட்டு எழுந்துகொண்டார்.

மாமா இன்று இல்லை. ஆல்பம் என்னிடம் இருக்கிறது, முதல் பக்கம் காலியாக. தொலைக்காட்சியில் யார் அழுதாலும் எனக்கு அன்று அந்த வீட்டிலிருந்து இறங்கிய லிஃப்ட்தான் ஞாபகம் வருகிறது.

லிஃப்டில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமா, அவரு கையெழுத்துப் போட்ட தாள அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களே!"

"கெடக்கட்டும்ட்டி" என்றார். இரண்டு மாடி இறங்கியதும் மெல்லக் கேட்டார்: "அழுதது நெசந்தானா? நடிகராச்சுல்லா?"

"தெரியல மாமா."

"எனக்குந் தெரியலட்டி" என்று ஆல்பத்தை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.