மேகத்துக்கு வெளியே நிற்பவன்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நப்ஹானின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்துவிடும். கண் சாலையில் இருக்காது. ஹஜர் மலைக்கு மேலே இருக்கும். அரபுப் பாலைவன ஓரத்துப் பித்யா வட்டாரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்கு இது நல்ல பழக்கமல்ல. மலைமேல் வெள்ளையாக ஏதாவது திரண்டால் பஸ் ஓரம் கட்டும், பிள்ளைகள் கும்மாளமிடுவார்கள், தாய்மார்கள் போனில் கத்துவார்கள். "அஞ்சே நிமிஷம் அக்கா. கோபுரம் கட்டுது, விட்டா கலைஞ்சிடும்" என்பான். பிள்ளைகளைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அவர்கள் எங்கே கலையப் போகிறார்கள்?

கோடை விடுமுறையில் முழுநேரமும் இதுதான் வேலை. சோறு ஆறிக்கொண்டிருக்க, கேமராவையும் முக்காலியையும் பிக்கப்பில் போட்டுக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடுவான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் மேகம் அடியிலிருந்து நுனிவரை தெரியுமாம். "மேகத்துக்கு அடியில நின்னா என்ன தெரியும்? நனையத்தான் முடியும்" என்று அடித்துச் சொல்வான். ஊரில் பெய்த எந்த மழையிலும் அவன் நனைந்ததில்லை. கூரை ஒழுகியது, ஆட்டை வெள்ளம் அடித்துப் போனது எல்லாம் மனைவி ரய்யா சொல்லித்தான் தெரியும்.

எடுத்த படத்தின் நடுவில் தன் பெயரைப் பெரிதாகப் பொறித்துவிடுவான். ஒருமுறை பக்கத்து ஊர்க்காரன் அவனுடைய மேகத்தைத் தன்னுடையது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். "எங்க ஊரு மேல நின்ன மேகம்டா அது!" என்றான் இவன். "கிளம்புனது எங்க ஊர்லேர்ந்துதானே?" என்றான் அவன். மேகம் நின்றது அரைமணி நேரம், சண்டை நோன்புப் பெருநாள் வரைக்கும் நின்றது. அதன்பிறகு வானத்தில் பாதியை நப்ஹானே அடைத்துக்கொண்டான். மேகம் ஓரங்களில் கொஞ்சம் தெரியும்.

போன மாதம் ரய்யா பேரீச்சங்காய் காயப்போட்டிருந்தாள். அவள் தாய் அவள் பேருக்கு எழுதிவைத்த மரங்கள். மஞ்சள் காயாகப் பறித்து, பெரிய செப்புக் கொப்பரையில் வேகவைத்து, வெட்டவெளியில் பாய் விரித்துப் பரப்பியிருந்தாள். வருஷம் முழுக்க அவள் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது இந்த விளைச்சலால்தான். காய்வதற்குள் ஒரு மழை பெய்தால் அத்தனையும் புளித்து ஆட்டுத்தீனியாகிவிடும். இன்னும் ஒரு வெயில் போதும் என்றிருந்தபோது நப்ஹான் கேமராவை எடுத்தான்.

"அபூ ஹைதம், இன்னிக்கு வேணாம். மழை வந்தா நான் ஒருத்தியா வாரி முடியாது." மகன் ஹைதமின் அப்பா என்றுதான் அவனை அவள் கூப்பிடுவது.

"மேகம் யாருக்குத் தெரியும், உனக்கா எனக்கா? இன்னிக்கு வர்றது தெக்கே போயிடும்."

அன்று மணல்மேட்டிலிருந்து அவன் பார்த்தது வாழ்நாளில் பார்க்காத மேகம். தலை தட்டையாக விரிந்து, அடிவயிறு கறுத்து, மலையைவிடப் பெரிய மலையாக நின்றது. நப்ஹானுக்குக் கண் கலங்கிவிட்டது. போன் அடித்தது.

"காத்து ஈரமா வீசுது. தார்ப்பாய் எங்கே?"

"அங்கதான் எங்கயாவது இருக்கும், தேடிப் பாரு. ரெண்டே நிமிஷம் ரய்யா, வெளிச்சம் இப்பதான் விழுது."

மேகத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் திரை இறங்கியது. எடுத்ததைக் குழுவில் போட்டான். மாஷா அல்லாஹ் குவிந்தது. அதற்கு நடுவே பக்கத்து வீட்டு ஸுவைத் எழுதியிருந்தான்: "படம் பிரமாதம்பா. உன் வீட்டு மேலதான் கொட்டுது."

முக்காலியை மடக்கும்போதுதான் குனிந்து பார்த்தான். கேமராவில் மணல் ஏறாமலிருக்க விரித்து, இவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்திருந்தது அந்தத் தார்ப்பாயின் மேல்தான்.

அவன் வீடு சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஒரு பாயை மட்டும் ரய்யா உள்ளே இழுத்திருந்தாள். மற்றவற்றில் காய்கள் ஊறிக் கிடந்தன. தலைமுதல் கால்வரை நனைந்து நின்றவள், அவன் கையிலிருந்த தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா காஞ்சிருக்கு" என்றாள். பிறகு, "உக்காந்து பொறுக்குங்க. இன்னிக்கு அந்தத் தலை மேல நிமிர்ந்துச்சுன்னா, நாளைக்கு நான் எங்கம்மா வீட்டுல இருப்பேன்."

அவனுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. குனிந்தே பொறுக்கினான். "நப்ஹான், வானவில்லுடா! ரெண்டு!" என்று ஸுவைத் மாடியிலிருந்து கத்தினான். தலை நிமிரவில்லை. மழைநீர் நிரம்பிக் கிடந்த கொப்பரையைக் காலி செய்யச் சொன்னாள். அதற்கும் குனிந்தபடியே போனான்.

கொப்பரைத் தண்ணீருக்குள் அந்த மேகம் முழுசாக நின்றது, அந்திவெயிலில் தலை சிவந்து.

சாய்த்த கொப்பரை சாய்த்தபடியே நின்றது. ரய்யா அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். தண்ணீர் ஆடாமல் ஒரு கையால் கொப்பரையைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், மறு கையைப் போனுக்காக மெல்ல அங்கிப் பைக்குள் விட்டான்.